கார்டுக் கட்டணத்தை முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய பெரிய செலவுகளையெல்லாம் கிரெடிட் கார்டில் போட்டால் விமான மைல், அதாவது பிறகு டிக்கெட் எடுக்க உதவுகிற விமான நிறுவனப் புள்ளி, குவியும், அதை வைத்தே குடும்பத்தோடு இந்தியா போய் வரலாம் என்று சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்தவர்கள் பலர் போன் பண்ணிவிட்டார்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சிறு கடைக்காரர்களுக்கும் சில குடும்பங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன், மற்றவர்களுடைய கார்டு ஸ்டேட்மென்ட்டைப் படிப்பதுதான் என் பிழைப்பில் பாதி. அதனால்தான் என்னிடம் கேட்கிறார்கள். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த மைலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை, பெரிய தொகை கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் அந்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று தன் வங்கிக்கு ஒரு கட்டணம் கொடுக்கிறார். அதில் ஒரு பங்கு நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை இங்கே தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி தீர்மானிக்கிறது. வங்கி அதிலிருந்தும், நாம் கட்டுகிற மாதக் கட்டணத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து விமான நிறுவனத்திடம் மைல் வாங்கி நம் கணக்கில் போடுகிறது. அவ்வளவுதான் விஷயம். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி பருப்பு வாங்கும்போது இந்தச் செலவு ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது, ரொக்கம் கொடுத்தாலும் அதே விலை, கார்டு கொடுத்தாலும் அதே விலை. அங்கே கார்டைத் தேய்க்காமல் விட்டால் நமக்குத்தான் நஷ்டம். அது வரைக்கும் கட்டுரை சரி.

தொகை பெரிதாகும்போதுதான் சிக்கல். சிறு வியாபாரிகள் வைத்திருக்கிற கையடக்க மெஷின்களில் அவர்கள் கொடுக்கிற கட்டணம் மூன்று சதவீதத்தை ஒட்டி வரும், பெரிய சங்கிலிக் கடைகள் பேரம் பேசி அதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன. முந்நூறு ராண்ட் சாமானுக்கு மூன்று சதவீதம் என்றால் ஒன்பது ராண்ட், எந்தக் கடைக்காரரும் வாயைத் திறக்க மாட்டார். லட்சக்கணக்கில் போகும்போது அவர் லாபமே அதில் கரைந்துவிடும், அதனால் அதை நம் தலையில் கட்டுகிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய கணக்கையும் நான்தானே எழுதுகிறேன். எங்கே, எப்போது சொல்கிறார் என்பதில்தான் எனக்கு வழக்கு.

என் மச்சான் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறார். மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு சோலார் போடுவது என்று முடிவாகி, இன்வெர்ட்டர், பேட்டரி, கூரைமேல் பேனல் எல்லாம் சேர்த்து 1,80,000 ராண்டுக்கு ஒரு கொட்டேஷன் வந்தது. "மாமா, கார்டில் கட்டப் போகிறேன், மைல் வரும், அக்காவையும் கூட்டிக்கொண்டு சென்னை போகலாம்" என்றார். கொட்டேஷனை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மொத்தத் தொகை. கடைசிப் பக்கத்தில் அவர்களுடைய வங்கிக் கணக்கு எண், அதற்குக் கீழே உத்தரவாத நிபந்தனைகள், அதற்கும் கீழே எறும்பு எழுத்தில், கார்டில் கட்டினால் மூன்று சதவீதம், வாட் தனி. வாட் இங்கே 15 சதவீதம். அப்படியானால் உண்மையில் 3.45 சதவீதம், 6,210 ராண்ட். இதை மச்சான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றுதானே அந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

சரி, 6,210 கொடுத்தால் என்ன கிடைக்கும்? ஒவ்வொரு கார்டுக்கும் ஒவ்வொரு விகிதம். கணக்குக்காகப் பத்து ராண்டுக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம், 18,000 மைல் வருகிறது. 6,210-ஐ 18,000-ஆல் வகுத்தால் ஒரு மைல் 34.5 செண்ட். ஆக, மச்சான் அந்த மைலைச் சம்பாதிக்கவில்லை, காசு கொடுத்து வாங்குகிறார். அப்புறம் அந்த மைலைக் கொடுத்தால் நமக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்க வேண்டும். போக வேண்டிய தேதிக்கு டிக்கெட் ரொக்கத்தில் 14,000 ராண்ட் என்று வையுங்கள். அதே டிக்கெட்டை மைலில் எடுத்தால் 45,000 மைலும் வரி, மேல்கட்டணம் என்று 5,000 ராண்டும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சமாவது 9,000 ராண்ட், அதை 45,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 20 செண்ட். 34.5 செண்ட்டுக்கு வாங்கி 20 செண்ட்டுக்கு விற்கிற வியாபாரத்தை யாராவது செய்வார்களா? இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கார்டு, உங்கள் தேதி, உங்கள் டிக்கெட் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். வகுத்தல் கணக்கு இரண்டே இரண்டு, போனில் ஒரு நிமிடம்கூட ஆகாது. கட்டுரையில் இது இருந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

மச்சான் கடைசியில் ஈ.எஃப்.டி.யில்தான், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பித்தான் கட்டினார். அக்காவுக்கு வருத்தம்தான்.

இன்னொரு விதமான கட்டணம் இருக்கிறது, அது எந்தக் கொட்டேஷனிலும் கட்டணம் என்ற பெயரில் வராது. பள்ளிக் கட்டணத்தைப் பாருங்கள். ஆண்டுத் தொகை முழுவதையும் ஜனவரியிலேயே கட்டிவிட்டால் தள்ளுபடி என்று பல பள்ளிகள் அறிவிக்கின்றன. அலுவலக ஜன்னலில் போய்க் கார்டை நீட்டினால், தள்ளுபடி ஈ.எஃப்.டி.க்கு மட்டும்தான் என்பார்கள். கார்டுக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் கிடையாது என்று சிரித்த முகத்தோடு சொல்லவும் செய்வார்கள். ஐந்து சதவீதத் தள்ளுபடி கையை விட்டுப் போனால் அது ஐந்து சதவீதக் கட்டணம்தான். கல்லறைக் கல், திருமண அலங்காரம், கேட்டரிங், வீட்டு ரிப்பேர், எங்கெல்லாம் 'ரொக்க விலை' என்று ஒன்று பேசப்படுகிறதோ அங்கெல்லாம் இதே கதை. மைல் பிடிக்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம், ஏனென்றால் ஸ்டேட்மென்ட்டில் இதற்கு ஒரு வரிகூட விழாது.

திருமண மண்டபத்தில் திருப்பித் தருகிற டெபாசிட் என்று ஒன்று வாங்குவார்கள், நாற்காலி உடைந்தால், சுவரில் ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ள. அதையும் கார்டில் போட்டால் மைல் வருமே என்று சிலர் நினைக்கிறார்கள். பணம் கார்டுக்குத் திரும்பி வந்ததும் வங்கி அந்த மைலையும் திருப்பி எடுத்துக்கொள்ளும், ஆனால் மண்டபம் வாங்கிய கார்டுக் கட்டணம் திரும்பி வருமா என்று யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஊர்க் கேஷியர் கேட்கிற அந்தக் கேள்வி: ஸ்ட்ரெயிட்டா, பட்ஜெட்டா? பெரிய தொகை என்றதும் கை தானாக பட்ஜெட் பக்கம், அதாவது தவணைப் பக்கம் போகும், பன்னிரண்டு மாதம், இருபத்துநான்கு மாதம் என்று. ஸ்ட்ரெயிட் என்று சொல்லி, ஸ்டேட்மென்ட்டில் குறித்திருக்கிற கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை, பல கார்டுகளில் 55 நாள் வரைக்கும் அவகாசம் உண்டு. பட்ஜெட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது, தவணைக்கு வட்டி உண்டு. சட்டப்படி கிரெடிட் கார்டு வட்டியின் உச்சவரம்பு, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ விகிதத்தோடு 14 சதவீதம் கூட்டினால் வருவது. எல்லாருக்கும் உச்சவரம்பு வட்டி போடுவதில்லை, ஆனாலும் 20 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1,80,000 ராண்டுக்கு ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 20,000 ராண்டைத் தாண்டிவிடும். அந்தப் பணத்துக்கு நேராகவே போய் டிக்கெட் வாங்கலாம். கையில் பணத்தை வைத்துக்கொண்டு கார்டில் கட்டுகிறவருக்குத்தான் மைல். கையில் இல்லாதவர் மைல் பேச்சையே எடுக்க வேண்டாம், இதை நான் என் வாடிக்கையாளர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்கிறேன், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

கார்டு வாங்காத இடத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வங்கி ஆப்பில் கார்டுக் கணக்கிலிருந்தே ஈ.எஃப்.டி. அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். அனுப்பலாம், ஆனால் அது கொள்முதல் ஆகாது. பெரும்பாலான வங்கிகள் அதை ரொக்கம் எடுத்த மாதிரி பார்க்கின்றன, மைல் வராது, வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பிக்கும், கட்டணமும் உண்டு. இடையில் ஒரு நிறுவனம் நம் கார்டில் பணத்தை எடுத்து வாடகைக்கோ முனிசிபல் பில்லுக்கோ கட்டிவிடுகிற சேவைகளும் இருக்கின்றன. அவற்றில் சேவைக் கட்டணம் கடைசித் திரையில்தான் தெரிகிறது, பெயர், முகவரி, கார்டு எண் எல்லாம் தட்டி முடித்து அலுத்துப்போன பிறகு. பில்லைப் பார்த்து முதலில் அந்தக் கட்டணத்தை மைல் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.

இந்தியா போகிற இடத்தில் இன்னொன்று. தி.நகரில் கல்யாணப் புடவை எடுக்கிறீர்கள், பில் இரண்டு லட்சம் ரூபாய். கடைப் பையன் நம் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று ரூபாயில், ஒன்று ராண்டில். ராண்டில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது, பையனும் "உங்க ஊர்ப் பணத்துலயே போட்டுடவா சார்?" என்பான், பாவம், அவனுக்கும் தெரியாது. ராண்டை அமுக்கினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர் வைக்கிறார், அதில் அவருடைய லாபம் ஏற்றியிருக்கும். எப்போதும் ரூபாயையே அமுக்குங்கள். ரூபாயில் போட்டாலும் நம் வங்கி வெளிநாட்டு நாணயக் கட்டணம் என்று பொதுவாக இரண்டு சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ எடுக்கும், அதையும் மைல் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நகைக்கடையில் கார்டுக்கு இரண்டு சதவீதம் தனியாகக் கேட்கிற கடைகளும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நாலு. தங்கத்தைக் கார்டில் வாங்கி மைல் சேர்த்தேன் என்று யாராவது பெருமை பேசினால் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

மைலைச் சேர்த்த பிறகும் செலவு முடிவதில்லை. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் 2015-இல் மும்பைக்கான நேர் விமானத்தை நிறுத்திய பிறகு நம்மில் பெரும்பாலோர் துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகத்தான் சென்னை போகிறோம். பல நிறுவனங்களில் இலவச டிக்கெட் என்றாலும் விமான நிலைய வரியோடு நிறுவனம் தானே போடுகிற மேல்கட்டணத்தையும் ராண்டில் கட்டியாக வேண்டும். டிசம்பர் விடுமுறையில் மைலுக்கு இருக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. காலாவதி வேறு, எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் மைலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு, பிறந்த மாதத்தோடு கணக்குத் தீர்ப்பார்கள். இதெல்லாம் விதிமுறையில் இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை, நாம்தான் படிப்பதில்லை.

நிறுவனமே மூழ்கிப் போவதும் நடக்கிறது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் 2019 டிசம்பரில் மீட்பு நடவடிக்கைக்குப் போய் 2021 செப்டம்பரில்தான் மறுபடி பறந்தது. குலுலாவையும் உள்ளூர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்களையும் ஓட்டிய காம்ஏர் 2022-இல் மூடிக்கொண்டது. இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. மைலைப் பத்து வருடம் பூட்டி வைத்துப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இங்கே இருப்பவர்களுக்கு வங்கியின் சொந்தப் புள்ளித் திட்டமே தேவலாம், எஃப்.என்.பி. வங்கியின் ஈபக்ஸ் திட்டத்தில் பத்துப் புள்ளிக்கு ஒரு ராண்ட் என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள், கணக்குப் போடத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மைலில் வருகிற கிக் அதில் இல்லை என்பார்கள், அது அவரவர் விருப்பம்.

அப்படியானால் கட்டணமே இல்லாமல் பெரிய தொகையில் மைல் சம்பாதிக்க வழியே இல்லையா? இருக்கிறது. கார்டில் கட்டினாலும் அதே விலைதான் என்று எழுதித் தருகிற இடங்கள் எல்லாம் அந்த வழிதான். காப்பீட்டின் ஆண்டுப் பிரீமியம், பெரிய கடையில் வாங்குகிற ஃப்ரிட்ஜ், சோபா, கார் சர்வீஸ், ஆஸ்பத்திரி பில், விமான நிறுவனத்திடமே நேராக வாங்குகிற டிக்கெட், இவற்றில் பல இடங்களில் தனிக் கட்டணம் இருக்காது. கார்டின் வரம்பு போதாவிட்டால் சொந்தப் பணத்தை முன்கூட்டியே கார்டுக் கணக்கில் போட்டு வைத்துக்கொண்டு தேய்க்கலாம், அதற்கும் மைல் உண்டா என்று வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. ஆப்பில் தினசரி வரம்பை முதல் நாளே உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கவுண்டரில் நின்றுகொண்டு வங்கிக்குப் போன் போட வேண்டியிருக்கும், பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். சிறு வியாபாரியிடம் பேசும்போது ஒரே கேள்விதான்: ஈ.எஃப்.டி. விலை எவ்வளவு, கார்டு விலை எவ்வளவு, இரண்டையும் வாட் உட்பட ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பேச்சில் சொன்னால் போதாது.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 23-ஆம் பிரிவில், காட்டிய விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. 35-ஆம் பிரிவு இந்த மாதிரிப் புள்ளித் திட்டங்களுக்கென்றே எழுதியது. உறுப்பினராக இருப்பதற்கே சந்தா வாங்குகிற திட்டம், புள்ளியைப் பயன்படுத்தும்போது அதைக் கையாளுவதற்கென்று இன்னொரு கட்டணம் கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. கடைக்காரரோடு தகராறு என்றால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், வங்கியோடு என்றால் 2024 மார்ச் முதல் தேசிய நிதிக் குறைதீர்ப்புத் திட்டம் இருக்கிறது. இரண்டிலும் புகார் கொடுக்க நமக்குக் காசு ஆகாது. ஆனால் ரசீதும் கொட்டேஷனும் கையில் இருந்தால்தான் போக முடியும்.

இனி உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பத்திரிகையில் மண்டபம், கேட்டரிங், சோலார், தென்னிந்திய ஆலய யாத்திரை என்று வாராவாரம் விளம்பரம் வருகிறது, பலவற்றில் மூலையில் கார்டு நிறுவனங்களின் சின்னம் மட்டும் அழகாகப் போட்டிருக்கிறது. விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் நீங்கள் வாங்குகிற படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: கார்டில் கட்டினால் கூடுதல் உண்டா, உண்டென்றால் வாட் சேர்த்து எத்தனை சதவீதம், ஈ.எஃப்.டி.க்குத் தனித் தள்ளுபடி உண்டா. பதிலை விளம்பரத்திலேயே விலைக்குப் பக்கத்தில், விலை எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் போடச் சொல்லுங்கள். மண்டபம் வைத்திருக்கிற நம் கோயில் கமிட்டிகளும் வாடகைப் பட்டியலில் இதைச் செய்யலாம், அவர்களில் சிலரிடம் நானே பேசிக்கொண்டிருக்கிறேன், ஒருவர் மட்டும் இதுவரைக்கும் சரி என்றிருக்கிறார். கட்டுரை எழுதியவர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால் அந்த வகுத்தல் கணக்கை அதில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். விளம்பரப் படிவத்துக்கு வாசகம் வேண்டுமென்றால் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்